டாங்கியை மறித்த கட்டைகள்: பிரிட்டன் வயல்வெளிகளில் மிஞ்சியிருக்கும் 1940ஆம் ஆண்டுத் தடுப்புகள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பிரிட்டனில் ஊருக்கு வெளியே நடக்கப் பழகியவர்கள் என்றாவது ஒரு நாள் இவற்றைப் பார்த்திருப்பார்கள். ஆற்றங்கரையில், ரயில் பாதை ஓரத்தில், பைன் காட்டுக்குள், இடுப்பளவோ நெஞ்சளவோ உயரமான கான்கிரீட் கட்டைகள் வரிசையாக நிற்கும். அறிவிப்புப் பலகை அநேகமாக இருக்காது. அவற்றைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பகுதி பிரிட்டனைப் பற்றியது. ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் தேவைப்பட்ட இடத்தில் வருகின்றன.

வேலி ஓரத்தில் பாசி பிடித்து நிற்கும் இந்தக் கட்டை எதற்காக வைக்கப்பட்டது?

ஜெர்மன் டாங்கிகளை மறிப்பதற்காக. பெரும்பாலானவை 1940 கோடையிலும் அதற்கடுத்த சில மாதங்களிலும் வார்க்கப்பட்டவை. தனியாக ஒன்று கிடந்தால், அது வேறெங்கோ இருந்து பெயர்த்துக் கொண்டுவந்து போட்டதாக இருக்கலாம். போர் முடிந்த பிறகு இவற்றை வாசல் ஓரத்தில் வண்டி ஏறாமல் இருக்கவும், கரை அரிப்பைத் தடுக்கவும் எடுத்துப் போட்டவர்கள் உண்டு. வரிசையாக நின்றால் அநேகமாக அதே இடத்தில் வார்த்தவைதான்.

எதிரி கடல் வழியாகத்தானே வருவான்? நாட்டின் நடுவில் ஏன் கட்டினார்கள்?

இந்தப் பக்கத்தின் மையமான கேள்வி இதுதான். இதற்குப் பதில் பிரான்ஸில் தொடங்குகிறது. 1940 மே 13 அன்று ஜெர்மன் படைகள் செடான் அருகே மியூஸ் ஆற்றைக் கடந்தன. மே 20 அன்று டாங்கிகள் ஆங்கிலக் கால்வாய்க் கரையைத் தொட்டுவிட்டன. ஒரே வாரம். முன்வரிசை ஓரிடத்தில் உடைந்தால், பின்னால் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை என்பதை உலகமே பார்த்தது. டன்கர்க்கிலிருந்து சுமார் 3,38,000 வீரர்கள் கப்பலேறித் தப்பி வந்தார்கள். பீரங்கிகளையும் டாங்கிகளையும் வண்டிகளையும் பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.

மே மாத இறுதியில் உள்நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்ட ஜெனரல் எட்மண்ட் ஐயன்சைட் கையில் ஆள் இருந்தது, ஆயுதம் இல்லை. ஓட்டிச் செல்ல வண்டியும் போதவில்லை. ஓடிப்போய்ச் சண்டையிட முடியாத படையை வைத்து அவர் போட்ட திட்டம் இது: கடற்கரையில் ஒரு மெல்லிய தடுப்பு, அதைத் தாண்டினால் உள்நாட்டில் அடுக்கடுக்காக நிறுத்தக் கோடுகள், அவற்றுக்கெல்லாம் பின்னால் லண்டனையும் தொழில் நகரங்களையும் காக்கும் ஜி.எச்.க்யூ. கோடு எனப்பட்ட தலைமையகக் கோடு. அந்தக் கோடு பிரிஸ்டல் பக்கத்திலிருந்து புறப்பட்டு, லண்டனுக்குத் தெற்கே சுற்றி, மெட்வே ஆற்றைத் தொட்டு, எஸ்ஸெக்ஸ், கேம்பிரிட்ஜ் வழியாக வடக்கே யார்க்ஷயரை நோக்கிப் போனது.

இவ்வளவு நீளத்துக்குக் கான்கிரீட் போட யாராலும் முடியாது. எனவே ஆறு, கால்வாய், ரயில் பாதையின் உயர்ந்த மண்கரை என்று ஏற்கெனவே இருந்த தடைகளையே கோடாக எடுத்துக்கொண்டார்கள். பாலம், ஆழமில்லாத துறை, ரயில் பாதையைச் சாலை கடக்கும் இடம் என எங்கெல்லாம் அந்தத் தடை விட்டுப்போனதோ அங்கெல்லாம் கட்டைகளை வைத்தார்கள். ஆகவே ஒரு கட்டையைப் பார்த்தால் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காமல் இருபுறமும் திரும்பிப் பாருங்கள். கொஞ்ச தூரத்தில் தண்ணீரோ செங்குத்தான கரையோ இருக்கும். அதுதான் உண்மையான தடுப்பு. கட்டை அதிலுள்ள ஓட்டையை அடைப்பதற்கு வந்தது.

ஒரு கட்டையால் டாங்கியை எப்படி நிறுத்த முடியும்?

தனியாக அதனால் முடியாது, தாமதப்படுத்த முடியும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்றரை அடிக் கனசதுரம் ஏறக்குறைய 3 டன் எடை. ஐந்தடிக் கனசதுரம் என்றால் 8 டன்னுக்கு மேல். அன்றைய ஜெர்மன் நடுத்தர டாங்கிகளான பன்சர் மூன்றும் நான்கும் 20 டன்னை ஒட்டியவை. பன்சர் இரண்டு அதில் பாதிதான். தள்ளிப் பார்க்கலாம், ஆனால் பின்னால் இன்னொரு வரிசை நிற்கிறது. இடைவெளியில் நுழையலாம் என்றால் அது டாங்கியின் அகலத்தைவிடக் குறுகலாக விடப்பட்டிருக்கும். ஏறிக் கடக்க முயன்றால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும்; கவசம் மெல்லியதாக இருக்கும் அடிவயிறு வெளியே தெரியும், அல்லது சங்கிலிப் பட்டைகள் இரண்டும் தரையைத் தொடாமல் வண்டி கட்டையின்மேல் மாட்டிக்கொள்ளும்.

வெடி வைத்துத் தகர்க்கலாம். அதற்கு வீரர்கள் இறங்கி வரவேண்டும். அவர்கள் இறங்கி நிற்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். பக்கத்தில் மறைந்திருக்கும் துப்பாக்கி அவர்களைச் சுடவேண்டும். சுட ஆள் இல்லையென்றால் கட்டை வெறும் கட்டைதான்.

சதுரம், கூம்பு, உருளை என்று வடிவம் மாறுவது ஏன்?

இடத்துக்கும் கையில் இருந்த பொருளுக்கும் ஏற்ப மாறியது. கனசதுரம்தான் அதிகம், நான்கு பலகை போதும். தலை குறுகிய கூர்நுனிக் கட்டைகளைப் படைவீரர்கள் பரு என்றார்கள். ஜெர்மன் தடுப்புகளின் பெயரான டிராகன் பல் இன்று இரண்டுக்கும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. சவப்பெட்டி வடிவில் நீளமாக வார்த்தவையும் உண்டு.

உருளைகள் சாலைக்கானவை. நம் வண்டிகள் போகும்வரை ஓரத்தில் கிடக்கும். எதிரி வருகிறான் என்றால் உருட்டிக் குறுக்கே நிறுத்தலாம். சில சாலைகளில் தரையிலேயே குழி அமைத்து மூடி போட்டிருந்தார்கள். ஆபத்து வந்தால் மூடியைத் திறந்து, கொண்டை ஊசி போல வளைத்த ரயில் தண்டவாளத்தைச் செருகுவார்கள். தார் போட்டு மூடிய அந்தக் குழிகள் சாலை பழுதடையும்போது எப்போதாவது வெளிப்படுகின்றன.

யார் கட்டினார்கள்?

உள்ளூர்க் கட்டடக் காண்டிராக்டர்கள்தான் பெரும்பகுதியைக் கட்டினார்கள். ராணுவப் பொறியாளர்கள் இடத்தைக் குறித்துக் கொடுத்தார்கள்.

அவசரம் கான்கிரீட்டிலேயே தெரியும். பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தால் சென்ட்ரிங் பலகையின் மர ரேகை அப்படியே பதிந்திருக்கும். இரண்டு பலகை சேர்ந்த இடத்தில் கலவை பிதுங்கி ஒரு விளிம்பு நிற்கும். பலகை கிடைக்காத இடத்தில் செங்கல்லையோ தகரத்தையோ அச்சாக வைத்தார்கள். கடற்கரைக் கட்டைகளில் ஜல்லிக்குப் பதில் கூழாங்கல்லும், கலவைக்குள் சிப்பி ஓடும் தென்படும். ஒரு நாள் ஊற்றியதற்கும் மறுநாள் ஊற்றியதற்கும் இடையே கிடைமட்டமாக ஒரு கோடு ஓடும். மேற்பரப்பில் முள்கம்பி கட்டுவதற்காகப் பதித்த இரும்பு வளையம் துருப்பிடித்து நிற்கலாம். ஈரம் காய்வதற்குள் யாரோ கீறிய பெயரோ தேதியோ கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். அளவு, எண்ணிக்கை எல்லாம் ஆவணத்தில் கிடைக்கும். அந்தக் கீறல் அங்கே மட்டும்தான் இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் கட்டியவர்களில் போலந்து வீரர்களும் இருந்தார்கள். தங்கள் நாடும் பிறகு பிரான்ஸும் விழுந்தபின் ஸ்காட்லாந்துக்கு வந்து சேர்ந்த போலந்துப் படையிடம் ஃபைஃப் பகுதிக் கரையைக் காக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. டென்ட்ஸ்மியூர் கரையிலுள்ள நீண்ட வரிசை அவர்கள் கைவேலை.

கட்டைகளுக்குப் பக்கத்தில் அறுகோண அறை ஒன்று இருக்கிறதே?

அதுதான் பில்பாக்ஸ், சுடுவதற்குத் துளை விட்ட காவல் அறை. போர்த்துறையின் எஃப்.டபிள்யூ.3 என்ற பிரிவு 1940இல் மாதிரி வரைபடங்களை அனுப்பியது. ஆறு பக்கமும் சமமானது 22ஆம் வகை. பின்சுவர் மட்டும் நீண்டு அதில் வாசல் இருந்தால் 24ஆம் வகை. அதிகம் காணப்படுவது இதுதான். சதுரமானது 26. எல்லாவற்றிலும் பெரிய 28ஆம் வகை டாங்கி எதிர்ப்புப் பீரங்கிக்கானது. பீரங்கியைப் பின்பக்கமாக உருட்டி உள்ளே கொண்டுவருவதற்குப் பெரிய திறப்பு வைத்திருப்பார்கள். இதில் ஒரு வேதனையான வேடிக்கை: நூற்றுக்கணக்கான டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் பிரான்ஸிலேயே போய்விட்டதால், வீடு கட்டிவிட்டுக் குடிவரும் பீரங்கிக்காகக் காத்திருந்த கதையாயிற்று.

சுவரின் கனத்தையும் பாருங்கள். ஓரடி அளவில் இருந்தால் துப்பாக்கிக் குண்டுக்கு மட்டும் தாங்கும். ஒரு மீட்டரை நெருங்கினால் பீரங்கிக் குண்டையும் எதிர்பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

குழிக்கு நடுவே குட்டையான வட்டத் தூண், அதன் உச்சியில் பளபளக்கும் உலோக முளை. இது என்ன?

ஸ்பிகாட் மார்ட்டர் என்னும் குண்டு எறியும் கருவியின் பீடம். பிளாக்கர் பம்பார்டு என்றும் பெயர். 1941 முதல் உள்ளூர்த் தொண்டர் படையான ஹோம் கார்டுக்கு வழங்கப்பட்டது. அந்த முளை துருப்பிடிக்காத எஃகு. கருவி அதன்மேல் உட்கார்ந்து சுழலும். எண்பது ஆண்டு மழையில் கான்கிரீட் கறுத்துப்போயிருக்க, முளை மட்டும் நேற்று வைத்தது போல மின்னும். பாலம், சாலைச் சந்திப்பு அருகே புதருக்குள் தேடினால் கிடைக்கும்.

இத்தனையும் பயன்பட்டதா?

பிரிட்டனில் இல்லை. படையெடுப்புக்கு ஆயத்தமாகும்படி 1940 ஜூலை 16 அன்று ஹிட்லர் உத்தரவிட்டார்; வான்போரில் வெல்ல முடியாமல் செப்டம்பர் 17 அன்று காலவரையின்றித் தள்ளிவைத்தார். அதற்குள் இங்கேயும் எண்ணம் மாறியிருந்தது. ஜூலையில் ஐயன்சைட் இடத்துக்கு வந்த ஆலன் புரூக், கோடு போட்டு அதன் பின்னால் படையை உட்காரவைப்பதை விரும்பவில்லை. விரைந்து சென்று திருப்பித் தாக்கும் படையையே நம்பினார். நிறுத்தக் கோடுகளின் வேலை படிப்படியாகக் குறைந்தது.

புரூக் சொன்னது சரி என்றுதான் வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதுகிறார்கள். ஐயன்சைட்டைக் குறை சொல்வது எளிது. வண்டியில்லாத படையை வைத்து ஜூன் மாதத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால் எனக்கு விடை தெரியவில்லை.

உண்மையான சோதனையைப் பார்க்க ஜெர்மனிக்குப் போகவேண்டும். அங்கே 1938 முதல் கட்டிய மேற்கு அரண், அதாவது சிக்ஃப்ரிட் கோடு, நெதர்லாந்து எல்லையிலிருந்து சுவிட்சர்லாந்து வரை 600 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. டிராகன் பற்கள் நான்கைந்து வரிசையாக, பின்வரிசை முன்வரிசையைவிட உயரமாக நிற்கும். 1944 செப்டம்பர் 13 அன்று ஆகன் நகருக்குத் தெற்கே அமெரிக்க மூன்றாம் கவசப் பிரிவின் ஓர் அணி அந்த வரிசையை நெருங்கியது. உள்ளூர் விவசாயிகள் தங்கள் வண்டி போய்வரப் பற்களுக்கு இடையே கல்லையும் மண்ணையும் கொட்டி ஒரு பாதை போட்டிருந்தார்கள். டாங்கிகள் அதில் ஏறிக் கடந்தன. வயலுக்குப் போக வழி வேண்டும் என்ற கவலை ஒரு பேரரசின் அரணில் ஓட்டை போட்டது! ஆனால் கதை அதோடு முடியவில்லை. கடந்து வந்த டாங்கிகளில் பல, அன்றே பின்னாலிருந்த ஜெர்மன் ஆயுதங்களுக்கு இரையாயின.

போர் முடிந்ததும் ஏன் இடித்துத் தள்ளவில்லை?

செலவு. சாலையை மறித்தவற்றையும் உழவுக்கு இடைஞ்சலானவற்றையும் எடுத்தார்கள். டாங்கி மறிப்பு அகழிகளை அநேகமாக எல்லா இடத்திலும் மூடிவிட்டார்கள். வறட்சியான கோடையில் பயிரின் நிற வேறுபாடாக வானிலிருந்து மட்டும் அவை தெரிகின்றன. கம்பி வைத்து வார்த்த ஒரு மீட்டர் சுவரை உடைப்பதைவிட அதைச் சுற்றி உழுதுவிட்டுப் போவது மலிவு.

பில்பாக்ஸ் உள்ளிட்ட வலுவான தடுப்புகளாக ஏறத்தாழ 28,000 கட்டப்பட்டதாகவும் அவற்றில் சுமார் 6,500 மிஞ்சியிருப்பதாகவும் மதிப்பிடுகிறார்கள். 1995 முதல் 2002 வரை பிரிட்டிஷ் தொல்லியல் மன்றம் நடத்திய ‘டிஃபென்ஸ் ஆஃப் பிரிட்டன்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் நாடு முழுவதும் அலைந்து ஏறக்குறைய 20,000 இடங்களைப் பதிவு செய்தார்கள். அதுவரை இவற்றைத் தொல்லியல் என்று மதித்தவர்கள் குறைவு.

எங்கே போனால் நன்றாகப் பார்க்கலாம்?

லண்டனுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றால் சர்ரேயில் ஃபார்னம் அருகேயுள்ள வேவர்லி மடாலயம். 12ஆம் நூற்றாண்டு மடத்தின் இடிபாடு, சுற்றி வே ஆறு, அதன் கரையில் தலைமையகக் கோட்டின் டாங்கித் தடுப்புகளும் காவல் அறையும். ஆறு எப்படிக் கோடாகப் பயன்பட்டது என்பது அங்கே நின்றாலே புரியும்.

ஒரு கோட்டின் முழு நீளத்தையும் நடந்து பார்க்க விரும்புபவர்களுக்கு டான்டன் நிறுத்தக் கோடு. டெவனில் சீட்டன் கடற்கரையிலிருந்து சாமர்செட்டின் வடகரைவரை சுமார் 80 கிலோமீட்டர். ஆக்ஸ் ஆறு, ரயில் பாதை, கால்வாய், பாரெட் ஆறு என்று தடை கைமாறிக்கொண்டே போகும். தென்மேற்கு மூலையில் இறங்கும் எதிரியை அங்கேயே அடைப்பதுதான் நோக்கம்.

வேல்ஸில் ஃபேர்போர்ன் கடற்கரை வரிசை நீளமானது, போட்டோவுக்கு அருமையானது.

எனக்குப் பிடித்தவை ஸ்காட்லாந்தில் உள்ளன. டென்ட்ஸ்மியூரில் கடல் மணலைக் கொண்டுவந்து குவித்துக்கொண்டே இருப்பதால், கரையில் வைத்த கட்டைகள் இன்று அலையிலிருந்து வெகுதூரம் உள்ளே நிற்கின்றன. 1941இல் கரை எங்கே இருந்தது என்பதை அந்த வரிசை காட்டுகிறது. மோரே பகுதியின் ரோஸைல் கடற்கரையில் நேர்மாறு. அங்கே கடல் மணல்மேட்டை அரிக்கிறது. மேட்டின்மேல் இருந்தவை மணலில் சரிந்து கிடக்கின்றன.

எடின்பரோ அருகே கிராமண்ட் தீவுக்குப் போகும் பாதையோரக் கூர்த்தூண்கள் டாங்கித் தடுப்புதானே?

இல்லை. அவை படகுகளுக்கானவை. கடல் ஏறும்போது தீவுக்கும் கரைக்கும் இடையே எதிரிப் படகுகள் நுழையாமல் இருக்க வைத்த வேலி. அங்கே போகிறவர்கள் கடல் ஏறி இறங்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும். பாதை மூழ்கித் தீவில் மாட்டிக்கொள்பவர்களை மீட்க உயிர்காப்புப் படகு வருவது அங்கே வாடிக்கை.

சர்ரேயின் ஹாங்க்லி காமன் வெளியில் பிரம்மாண்டமான சுவர் ஒன்று இருக்கிறது. அது எந்தக் கோட்டைச் சேர்ந்தது?

எந்தக் கோடும் இல்லை. 1943இல் கனடா வீரர்கள் அதைக் கட்டியது உடைத்துப் பழகுவதற்காக. பிரான்ஸ் கரையில் ஜெர்மானியர் எழுப்பிய அட்லாண்டிக் சுவரின் மாதிரி அது. சுமார் 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், அதைவிடச் சற்று அதிகமான கனம். நார்மண்டியில் இறங்குவதற்கு முன் வெடிகளை இதன்மேல் சோதித்தார்கள். பிளந்த இடத்தில் கம்பிகள் முறுக்கிக்கொண்டு வெளியே நிற்கின்றன. இன்னொரு சுவையான விஷயம்: அந்த வெளி அமிலத் தன்மையுள்ள மணல் நிலம், கான்கிரீட்டிலிருந்து கசியும் சுண்ணாம்பால், சுற்றுவட்டாரத்தில் வளராத செடிகளும் பாசிகளும் அந்தச் சுவரில் மட்டும் வளர்கின்றன.

பில்பாக்ஸுக்குள் நுழைந்து பார்க்கலாமா?

பெரும்பாலானவை தனியார் நிலத்தில் இருக்கின்றன. பொது நடைபாதையை விட்டு விலகுவதற்கு முன் உரிமையாளரிடம் கேளுங்கள். உள்ளே வௌவால்கள் தங்கியிருந்தால், குளிர்காலத்தில் குறிப்பாக, நுழையாதீர்கள். அவற்றைத் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம். கடலோரத்தில் சரிந்து நிற்பவற்றின் அடியில் உட்காரவே கூடாது.

இன்னொன்று. இந்த இடங்களின் அருகே மண்ணில் பழைய சோடா பாட்டில் போன்ற கண்ணாடிக் குப்பி புதைந்திருந்தால் தொடாமல் விலகி, போலீசுக்குச் சொல்லுங்கள். ஹோம் கார்டு பயன்படுத்திய பாஸ்பரஸ் எறிகுண்டுகள் இப்படித்தான் இருக்கும். காற்றுப் பட்டாலே பற்றி எரியக்கூடியவை. சில இடங்களில் ஒளித்துவைத்தவை இன்றும் கிடைக்கின்றன.

நாங்கள் வாங்கிய நிலத்தில் ஒரு வரிசை இருக்கிறது. எடுத்துவிடலாமா?

முதலில் அது பாதுகாக்கப்பட்ட சின்னமா என்று பாருங்கள். இங்கிலாந்தில் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து, ஸ்காட்லாந்தில் ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து, வேல்ஸில் கடூ (Cadw) ஆகிய அமைப்புகளின் பட்டியலில் தேடலாம். பட்டியலில் இருந்தால் அனுமதியில்லாமல் நகர்த்த முடியாது. இல்லையென்றாலும் ஓரிரண்டை மட்டும் எடுத்து வழிவிட முடியுமா என்று யோசியுங்கள். வரிசை வரிசையாக இருந்தால்தான் கோடு எங்கே போனது என்று பின்னால் வருபவர்களுக்குத் தெரியும்.

மற்ற நாடுகளில் இவற்றை என்ன செய்கிறார்கள்?

சுவிட்சர்லாந்தில் வோ மாநிலத்தில் ஜூரா மலையடிவாரத்திலிருந்து ஜெனீவா ஏரிவரை சுமார் 10 கிலோமீட்டருக்கு ஒரு தடுப்பு ஓடுகிறது. முக்கோணக் கட்டைகள் டாப்ளரோன் சாக்லேட்டை நினைவூட்டுவதால் அதுவே பெயராகிவிட்டது. இன்று அது நடைபாதை. கிளான் ஊரில் அந்தத் தடுப்பைக் காத்த கோட்டை ஒன்று வெளிப்பார்வைக்கு இளஞ்சிவப்பு வீடாகவே தெரியும்படி கட்டப்பட்டது, இப்போது அருங்காட்சியகம். ஜெர்மனியில் பற்களின் வரிசை, உழப்படாமலே கிடந்ததால் புதரும் மரமும் அடர்ந்த பசுமைப் பாதையாகிவிட்டது. காட்டுப்பூனைகள்கூட அதை நாடுகின்றன. இயற்கை ஆர்வலர்கள் அதை இடிக்கவிடாமல் போராடினார்கள்.

பட்டியலில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தால் யாரிடம் சொல்வது?

அந்தந்த மாவட்ட நிர்வாகம் பராமரிக்கும் தொல்லியல் பதிவேட்டுக்கு எழுதலாம். கட்டையின் அளவு, எண்ணிக்கை, வரிசைகளுக்கு இடையிலான தூரம், வரைபடக் குறியீடு, மேற்பரப்பில் கீறல் இருந்தால் அதன் போட்டோ. கூடவே, இருபுறமும் அருகில் இருக்கும் ஆறு, கால்வாய், கரை எதுவோ அதையும் எழுதுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பாசியைச் சுரண்டிப் படமெடுக்க வேண்டாம். சாய்வான வெயிலில், காலையிலோ மாலையிலோ எடுத்தால் கீறல் தானாகத் தெரியும்.